காலி அறையின் சத்தம்

மான்செஸ்டரின் கால்வாய்த் தெருவில் ஆண்களைக் காதலிக்கும் ஆண்களைப் பற்றிய அந்தத் தொலைக்காட்சித் தொடர், முந்தைய ஆண்டு ஊரையே இரண்டாக்கியிருந்தது. இப்போது அதை முடித்துவைக்க ஒரு சின்னத் தொடர்ச்சி. கடைசிக் காட்சி, வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டுச் சமையலறையில் அன்று மதியம் படமானது. கார்ல் பெட்டியோடு கிளம்புகிறான். போகாதே என்று சொல்ல வாய் வராமல் அவன் காதலன் டாமி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

ஒலிப்பதிவாளர் லெனர்டுக்கு அந்தக் காட்சி பிடிக்கவேயில்லை. நீண்ட கோலின் நுனியில் மைக்கைத் தூக்கிப் பிடித்து எதிரே நின்றவன் கெரைன்ட். வேலையில் அவருக்கு உதவியாளன், வீட்டில் துணை. லண்டனில் ஒரு நிறுவனம் அவனைத் தனிப் பொறுப்புக்குக் கூப்பிட்டிருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவன் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று லெனர்ட் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தேநீர் இடைவேளையில் கெரைன்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன லென், கார்ல் போறதப் பாத்துக் கண்ணு கலங்குதா?"

"தூசி."

"காலையிலதான தொடச்சாங்க?"

"லண்டனுக்கு போன் பண்ணிட்டியா?"

"இல்ல. யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களான்னு பாத்தேன்."

"நல்ல வாய்ப்புடா."

"இதையே எத்தன தடவ சொல்லுவ? டேப்புல போட்டு வெச்சிருக்கியா?"

காட்சி முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறையும் முழுக்க மௌனமாக இருப்பதில்லை. விளக்கின் ரீங்காரம், குழாய்க்குள் நீர், ஜன்னலில் மழை எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் அறைக்கும் தனிக் குரல் இருக்கிறது. படத்தொகுப்பில் ஒரு வசனத்தை வெட்டினால், அந்த இடத்தில் இந்தக் குரலை வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் காது பள்ளத்தில் விழும். அதனால் எல்லாரும் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க, வெறும் அறை பதிவாகும். அப்போது தும்மினால்கூட லெனர்ட் முறைப்பார்.

"யாரும் மூச்சு விடாதீங்க, கண்ணுங்களா," என்றாள் உதவி இயக்குநர் பெவ்.

ஹெட்போனில் மழை கேட்டது. அதற்கடியில் சன்னமாக ஒரு மூச்சு. மைக்கைப் பிடித்து நிற்பவனின் மூச்சு. பல வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. வீட்டில் இனி இந்தச் சத்தம் இல்லாமல் போனால், எதை வைத்து ஒட்டுவது?

"போகாதடா," என்றார் லெனர்ட், உரக்கவே.

அறை திடுக்கிட்டது. பெவ் இடுப்பில் கைவைத்தாள்.

"லென்! உன் அமைதிய நீயே கெடுக்கிற!"

"மன்னிச்சுக்கோ," என்று பெவ்விடம் சொல்லிவிட்டு லெனர்ட் குரலைத் தாழ்த்தினார். "கெர், போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம். ஆனா நீ போறது எனக்குப் பிடிக்கல. அதச் சொல்லணும்."

கெரைன்ட் கோலைத் தாழ்த்தி, தன் காதிலிருந்த ஹெட்போனை விலக்கினான். "ஹெட்போன்ல என் காதுக்குள்ளயே கத்திட்டு, இப்ப மெதுவா பேசுற பாரு. மூணு வாரமா இத எதிர்பாத்து உக்காந்திருக்கேன், மக்கு. லண்டனுக்கு நீயே போன் பண்ணி வரலைன்னு சொல்லு. எனக்குக் கை ஒழியல."

நடிகர்கள் கைதட்டினார்கள். டாமியாக நடித்தவன் மட்டும், "எனக்கு இந்த வசனத்த ஏன் எழுதிக் குடுக்கல?" என்று முணுமுணுத்தான்.

"மறுபடியும், அமைதி!" என்றாள் பெவ்.

இந்த முறை லெனர்ட் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கோலின் நுனியில் மைக் குலுங்கிக்கொண்டே இருந்தது. கெரைன்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். ஹெட்போனில் அது தெளிவாகக் கேட்டது; எதற்கும் உதவாத பதிவு. லெனர்ட் இயந்திரத்தை நிறுத்தவில்லை.