இரண்டு புள்ளிகள் விலையில் சேராது

டிஸ்க் வாங்கி கேம் விளையாடுகிறவர்களைப் பற்றிக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் அவர்களை மனிதர்களாக மதிக்கவில்லை. என் வாதம் எளிமையானது. ஒரு பழைய கேம் டிஜிட்டல் தள்ளுபடியில் கால் விலைக்கு வருகிறது. அதே கேமின் டிஸ்க், அச்சடிப்பதை நிறுத்திவிட்டதால், புதிதாக வந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு போகிறது. இரண்டிலும் அதே கப்பல், அதே கடல். மிச்சக் காசெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு. அதில் சாப்பாடு போட்டுக் கொடுத்தாலாவது பரவாயில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு இருந்தது. அக்காவுடையது. சரியாகச் சொன்னால், பாதிதான் அக்காவுடையது.

அக்காவும் அவள் சிநேகிதியும் கல்லூரியில் படிக்கும்போது ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கேம் அது. தீவு தீவாகச் சரக்குக் கப்பல் ஓட்ட வேண்டும். எப்போதும் சிநேகிதிதான் சுக்கானைப் பிடிப்பாள். அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயர் கேப்டன். டிஸ்கின் நடு வளையத்தில் அக்கா சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்தாள், கேப்டன் நீலத்தில் ஒன்று. ஆறு மாதம் இந்த வீட்டில், ஆறு மாதம் அந்த வீட்டில். ஜனவரி, ஜூலை முதல் ஞாயிறு கைமாறும். கூரியர் கூடாது, ஆள் நேரில் வர வேண்டும். இதுதான் சட்டம்.

இரண்டு வருடத்துக்கு முன் இருவரும் ஒரே பல் மருத்துவமனையில் ஒரே வேலைக்கு விண்ணப்பித்தார்கள். கேப்டனுக்குக் கிடைத்தது. அந்தச் செய்தியை அக்காவிடம் சொன்னது வேறு யாரோ. அன்றோடு பேச்சு நின்றது. ஃபோன் இல்லை, மெசேஜ் இல்லை. ஆனால் டிஸ்க் மட்டும் தவறாமல் போய் வந்தது. கேப்டன் வாசல்படியைத் தாண்ட மாட்டாள்.

"கீறல்?"

"இல்ல."

"சரி."

போன ஜனவரியில் நான் எண்ணினேன். மொத்தம் ஒன்பது வார்த்தை. அதில் நான்கு மழையைப் பற்றி.

மே மாதம் டிஜிட்டல் தள்ளுபடி வந்தது. எனக்குள் இருந்த பொருளாதார மேதை விழித்துக்கொண்டான். டிஸ்கை விற்றால் அக்காவுக்கு ஒரு டிஜிட்டல் கேம், கேப்டனுக்கு ஒன்று. போக, எனக்கு ஒரு நல்ல ஹெட்போனுக்கும் தேறும். இனிமேல் பாதி இல்லை, ஆளுக்கு ஒரு முழுசு. ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். பிடிக்காத ஆளை வாசலில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். நான் இதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. சீர்திருத்தம் என்று நினைத்தேன்.

பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடைக்காரருக்குக் கீறல் அண்ணன் என்று பெயர். எந்த டிஸ்கைக் கொடுத்தாலும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பார்ப்பார். அவர் கடைக்கு இணையத்தில் போடும் விற்பனை விளம்பரங்களை எழுதிக் கொடுப்பது நான்தான்; பதிலுக்குக் கடையில் இலவசமாக விளையாடலாம். ஆக, அக்காவின் டிஸ்கை விற்றதும் நானே, அதற்கு விளம்பரம் எழுதியதும் நானே:

"கேஸ் இல்லை. கீறல் இல்லை. நடு வளையத்தில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு புள்ளிகள் உண்டு. யாரோ யார்மீதோ வைத்த பாசம், விலையில் சேர்க்கப்படவில்லை. டிஜிட்டலில் இதே கேம் கால் விலை என்பதை அறிந்தே வாங்கவும்."

நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். எனக்கும் திருப்தி.

வீட்டில், காலி கேஸுக்குள் பழைய பிரிண்டரோடு வந்த டிஸ்கை வைத்தேன். கேம் மெஷினில் டிஜிட்டல் கேமை ஏற்றினேன். டிஸ்க் உள்ளேயே இருக்கிறது என்று நினைத்து அக்கா விளையாடினாள். கேப்டனுக்கு வாங்கிய டிஜிட்டல் கேமின் டவுன்லோடு எண்ணை ஒரு கவரில் போட்டு மேலே 'வாழ்த்துகள்' என்று எழுதினேன். ஜூலை ஞாயிறன்று கவரைக் கொடுத்து இருவரையும் அசத்துவதாகத் திட்டம்.

அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு அக்கா ஹாலில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடக்கும் காரியம் இல்லை.

"யாரும்மா வர்றாங்க?" என்றேன்.

"கேப்டன்தான். இந்தத் தடவை உள்ள கூப்பிடப் போறாளாம் உங்கக்கா," என்றாள் அம்மா.

"கூப்பிட்டா வருவாளான்னு தெரியல," என்றாள் அக்கா, துடைப்பத்தைப் பார்த்து. "ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். அந்த டிஸ்க் மட்டும் இல்லன்னா அவ மூஞ்சியே மறந்திருக்கும்டா."

 கவரில் இருந்தது சீர்திருத்தம் இல்லை, இனி வர வேண்டாம் என்கிற கடிதம். அதற்கு நான் வாழ்த்து வேறு எழுதியிருந்தேன்.

கடைக்கு ஓடினேன்.

"அதுவா? போன வாரமே போயிடுச்சே தம்பி," என்றார் கீறல் அண்ணன். "ஒரு பொண்ணு வந்துச்சு. ரொம்ப நேரம் அந்தப் புள்ளியவே பாத்துச்சு. பேரமே பேசல. உன் விளம்பரத்துக்குச் சிரிக்காத ஒரே ஆளு அதுதான்."

யாரென்று கேட்கத் தேவைப்படவில்லை.

அக்காவிடம் சொல்ல மூன்று முறை ஆரம்பித்தேன். எதைச் சொன்னாலும் ஜோக்காக வெளியே வருவது என் நெடுநாள் வியாதி. "அக்கா, உன் தம்பி ஒரு திருடன்," என்றேன். "தெரிஞ்ச விஷயம்தானே, போய்க் குளி," என்று சிரித்தாள். அதோடு என் வீரம் முடிந்தது.

ஞாயிறு நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கேப்டன் வழக்கம்போல் வாசல்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வாயேன்," என்றாள் அக்கா. மூன்று நாள் ஒத்திகை பார்த்த வார்த்தை.

"டிஸ்க் குடு."

மெஷினிலிருந்து டிஸ்கை எடுத்து நான் கேஸில் வைத்துவிட்டதாக நம்பிய அக்கா, அலமாரியிலிருந்து கேஸை எடுத்து, கீறல் பார்க்கத் திறந்தாள். பிரிண்டர் டிஸ்க் அவளைப் பார்த்து மின்னியது.

கேப்டன் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தாள். உள்ளே சிவப்பு, நீலம்.

"இதையா தேடுற? வேலை கிடைச்சத நான் சொல்லல. தப்புதான். நேர்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன். அதுக்காக இதையாடி விப்ப?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. விழித்தாள்.  வெளியிலிருந்து பார்த்தால் குற்றவாளியின் முகம் அப்படித்தான் இருக்கும். நான் சோஃபாவின் பின்னால் நின்றுகொண்டு நான்கு நொடி சும்மா இருந்தேன். சும்மா இருந்தாலே பழி அவள் தலையில் விழுந்துவிடும் என்று கணக்குப் போட்ட நொடிகள் அவை. விற்றதைக்கூட முட்டாள்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நான்கு நொடிக்கு இன்னும் எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

"நான்தான் வித்தேன், கேப்டன்க்கா. அவளுக்குத் தெரியாது."

முதல் முறையாக நான் சொன்னது ஜோக்காக வெளியே வரவில்லை. கவரையும் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கேப்டனிடம் கேட்டாள்: "எவ்வளவு குடுத்த?"

கேப்டன் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு? டிஜிட்டல்ல கால் விலைடி!"

"தெரியும். விளம்பரத்துலயே போட்டிருந்துச்சே. யார் எழுதுனதுன்னுதான் தெரியல." ஃபோனை எடுத்து, செய்தி வாசிப்பதுபோல் வாசித்தாள். "'யாரோ யார்மீதோ வைத்த பாசம், விலையில் சேர்க்கப்படவில்லை.'"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

"அடப்பாவி, இது வேறயா!" என்ற அக்கா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, களுக்கென்று சிரித்துவிட்டாள். கேப்டனும் சிரித்தாள். நான் எழுதியதிலேயே அதிகம் சிரிப்பு வாங்கிய வரி அதுதான். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

கேப்டன் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாள்.

"கடைக்கு நீங்க குடுத்த காச நான் திருப்பித் தந்துடுறேன்க்கா," என்றேன்.

"டிஜிட்டல்ல வாங்குனா ரீஃபண்ட் உண்டா தம்பி?"

"இல்ல."

"அப்ப இதுக்கும் இல்ல. அது உங்கிட்டயே இருக்கட்டும்."

அக்கா மெஷினைக் காட்டினாள். "அந்த கேமை அழி."

"உன் கப்பல் நூத்தி இருபதாவது தீவு வரைக்கும் போயிருக்கு. டிஸ்க்கும் இப்ப கேப்டன்க்கா வீட்டுக்குப் போயிடும். நீ ஆறு மாசம்…"

"ஆறு மாசம் எனக்குக் காத்திருக்கத் தெரியும். அழி."

நிச்சயமாகவா என்று திரை கேட்டது. அந்த வீட்டில் அன்று என்னிடம் மரியாதையாகப் பேசியது அது ஒன்றுதான். ஆமாம் என்று அழுத்தினேன்.

இருவரும் அக்காவின் அறைக்குள் போனார்கள். முதலில் அந்த வேலையைப் பற்றிப் பேச்சு, கொஞ்சம் சத்தமாக. யாரோ அழுதார்கள். பிறகு மெதுவாக. நான் என் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புது ஹெட்போன். மாட்டிக்கொண்டால் வெளிச்சத்தம் துளியும் கேட்காது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. உண்மைதான், சோதித்திருக்கிறேன்.

அன்று அதை மாட்டிக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசிய வார்த்தைகளை ஆறு மணி வரை எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேல் விட்டுவிட்டேன். என்னைப் பற்றி ஒன்றுகூட இல்லை.