ஓசூர் ரோட்டுக் கரி பஸ்

ஒக்கலிபுரத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதியபோது மணி ஆறு. ஐந்துக்கே விட வேண்டியவர்கள். பட்டாளத்துச் சட்டைகளை ஏற்ற லாரி வந்து நிற்கிறது, முடித்துக் கட்டினால்தான் வீடு என்று மேஸ்திரி கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். பொத்தான் துளை போடுகிறவளுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு எதற்கு? டோரதி கடைசிச் சட்டையை வீசிப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயில் பாலத்தின் அடியில் புகுந்து ஸ்டேஷன் பக்கம் ஓடினாள். மார்பு இரண்டும் கல்லாகக் கனத்தன. எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் வலித்தது.

அவளுடைய ஓஸ்வால்டுக்கு ஐந்து மாதம். பத்து நாளாக வயிற்றுப்போக்கு. பசும்பால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, தாய்ப்பால் ஒன்றுதான் இவனைத் தேற்றும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விடிந்ததும் குடித்த பிள்ளைக்கு, அதற்குப் பிறகு சர்க்கரை போட்ட வெந்நீர்தான். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாமே என்று சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. பர்மா எல்லைக்குச் சண்டைக்குப் போன புருஷனிடமிருந்து நான்கு மாதமாகக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை என்பது அந்த நூறு பேருக்கு வலிக்காது. அடுகோடியில் ஒற்றை அறையில் அவளும், நாத்தனார் மௌரீனும், பிள்ளையும். ரேஷன் அரிசிக் கஞ்சியில் டோரதிக்குப் பால் ஊறுவதும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு பக்கமும் குடித்தால்தான் அவன் வயிறு ஏதோ நிறையும்.

பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் அந்த வருஷம் பெங்களூர் பஸ்கள் கரியைத் தின்றுதான் ஓடின. பின்னால் ஓர் இரும்பு டிரம், அதற்குள் நெருப்பு, நெருப்பை ஊத ஒரு விசிறிச் சக்கரம்; அதில் கிளம்பும் கரி கேஸில்தான் எஞ்சின் ஓடும். கண்டக்டர்கள் டிக்கெட் கிழித்த நேரத்தைவிடக் கரி கிளறிய நேரம்தான் அதிகம். ஓசூர் ரோட்டு பஸ்ஸின் கண்டக்டர் ரங்கா, முகமெல்லாம் கரியாக அந்தச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“எப்பண்ணா கெளம்பும்?”

“சொல்ப இரும்மா. இன்னும் கேஸ் புடிக்கல.”

அந்தச் சொல்பம் இருபது நிமிஷமாயிற்று. டோரதி ஏறி, பெண்கள் பெஞ்சில் முழங்கையால் மார்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடிசார் கட்டிய ஒரு மாமி. எதிர்ப் பெஞ்சில், நெற்றியில் விபூதியும் தோளில் துண்டுமாக ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். அவர் கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சிசு. மாமியின் பெயர் ஜகதாம்பாள் என்பதும், எதிரில் இருந்தவர் பெயர் ஸ்ரீகண்டன் என்பதும், அவருடைய ஒரே பெண் நான்கு நாள் முன்பு பிரசவத்தில் போய்விட்டாள் என்பதும், வீட்டில் பொம்மனாட்டி என்று யாரும் இல்லாததால் குழந்தையை வில்சன் கார்டனில் தமக்கை வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்பதும், மார்க்கெட் வருவதற்குள் மாமி கேட்ட கேள்விகளில் பஸ் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

“பால்?” என்றாள் ஜகதாம்பாள்.

“பாலாடையில புகட்டறேன். உள்ள போனதெல்லாம் வெளியில வந்துடறது.”

குழந்தை அழ ஆரம்பித்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, கதவிடுக்கில் அகப்பட்ட பூனைக்குட்டியின் சத்தம். டோரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யார் பெற்ற பிள்ளை என்று உடம்புக்குத் தெரியுமா? அவள் எவ்வளவு அழுத்தியும் கேளாமல் சுரந்துவிட்டது. ரவிக்கை நனைந்து, புடவையும் நனைந்து, மறைக்கக் கை போதவில்லை. ஸ்ரீகண்டன் பார்த்துவிட்டார். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. வீணாகப் போகிறதே, என் பிள்ளையின் பால் புடவையில் போகிறதே என்று அதற்கு மேல் வேதனையாக இருந்தது.

லால்பாக் மதில் ஓரத்து ஏற்றத்தில் பஸ் இருமியது, முனகியது, நின்றது.

“ஆம்பளைங்கெல்லாம் எறங்குங்க சாமி, தள்ளணும்,” என்றான் ரங்கா. “பெரியவரே, நீங்க குந்திக்கோங்க. கையில கொழந்த இருக்குது.”

ஸ்ரீகண்டன் எழுந்தார். இங்கே கொடுங்கோ என்று ஜகதாம்பாள் கை நீட்டினாள். அந்தக் கை கண்ணில் படாதவர் மாதிரி அவர் இரண்டடி நகர்ந்து, குழந்தையை டோரதியின் மடியில் வைத்தார்.

“கொஞ்சம் வெச்சுக்கோம்மா. தள்ளிட்டு வந்துடறேன்.”

அவள் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார். அந்த உடம்பு தள்ளியா பஸ் நகரப்போகிறது? டோரதிக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்க அவரால் முடியாது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. அவருக்குக் கிடைத்த ஒரே வழி இந்த ஏற்றம்தான்.

எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறானே சாமி என்று அவள் மனசுக்குள் கத்தினாள். விரலைக் கொடுத்துப் பார்த்தாள். சிசு விரலைத் துப்பிவிட்டு மார்பில் முகத்தை வைத்துத் தேடியது. நான்கு நாளில் அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் தேடியது. மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு டோரதி வலது பக்க ரவிக்கையை விலக்கினாள். இடது பக்கம் ஓஸ்வால்டுக்கு. அதை மட்டும் கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

“கிறிஸ்தவப் பொண்ணா?” என்றாள் ஜகதாம்பாள்.

“ஆமாம்மா.”

மாமி புடவைத் தலைப்பை இழுத்து விரித்தாள். பிறகு எழுந்து, பின்னால் பஸ்ஸைத் தள்ளும் ஆண்களுக்கு மறைவாக டோரதியை ஒட்டி நின்றுகொண்டாள். “வயிறு ரொம்பட்டும். அவா வர நாழியாகும்,” என்றாள்.

பஸ் அங்குலம் அங்குலமாக ஏறியது. குழந்தை மூச்சு முட்டக் குடித்தது. போதும் போதும் என்று டோரதி இரண்டு முறை விலக்கப் பார்த்தாள். அது விடவில்லை, அவளுக்கும் பிடுங்க மனம் வரவில்லை. ஏற்றத்தின் உச்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டபோது வலது பக்கம் துவண்டு போயிருந்தது. ஆண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஸ்ரீகண்டன் மட்டும் படியில் சாலையைப் பார்த்தபடி தொற்றிக்கொண்டு நின்றார். “உள்ள வரலாம்,” என்று ஜகதாம்பாள் குரல் கொடுத்த பிறகுதான் திரும்பினார். வேர்வையில் விபூதி கரைந்திருந்தது. தூங்கும் குழந்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வில்சன் கார்டனில் இறங்கியவர், போகாமல் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். இப்போது அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நாளைக்கும் இதே பஸ்லதான் வருவேளா?”

டோரதி வாயைத் திறப்பதற்குள் ரங்கா விசில் கொடுத்துவிட்டான். பஸ் கிளம்பியது. விசில் நல்ல சமயத்தில் வந்தது என்று தோன்றியதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

அடுகோடியில் இறங்கி ஓடினாள். சந்து முனையிலேயே மௌரீன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“மத்தியானத்திலேருந்து வெரலச் சப்பிக்கினே கெடக்கிறான் அண்ணி. அழக்கூடத் தெம்பில்ல.”

உள்ளே போய் உட்கார்ந்து இடது பக்கம் கொடுத்தாள். ஓஸ்வால்ட் கண் திறக்காமலே பற்றிக்கொண்டான். குடித்தான், இருமினான், மறுபடி குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து டோரதிக்கு உயிர் திரும்பி வந்தது. முடித்துவிட்டு வழக்கம்போல் அடுத்ததைத் தேடினான். மாற்றி வைத்தாள். இழுத்துப் பார்த்தான். விட்டான். மறுபடி இழுத்தான்.

மௌரீன் குனிந்து பார்த்தாள். “ஏன் அண்ணி இந்தப் பக்கம் வத்திக் கெடக்கு?”

“வர்ற வழியில ஒரு கொழந்தைக்குக் குடுத்தேன். தாய் இல்லாதது.”

மௌரீனின் முகம் சிவந்தது. காலையிலிருந்து இவனைத் தோளில் சுமந்து நடந்தவள் அவள்தான், கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் திரும்பிப் போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“நாளைக்கு?”

வற்றிய மார்பில் வாயை வைத்தபடி ஓஸ்வால்ட் அழாமல், விடாமல் காத்திருந்தான். அவன் தலையைத் தாங்கிக்கொண்டு டோரதியும் காத்திருந்தாள்.