பேரின்பநாதன் அண்ணையின் கல்வெட்டு

எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. செத்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்னுக்குப் படம், பின்னுக்குத் தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு. அதில் கஞ்சன் கொடைவள்ளல் ஆவான், பெண்சாதிக்கு அடித்தவன் பண்பாளன் ஆவான். யாரும் மூச்சு விடுவதில்லை.

பேரின்பநாதன் அண்ணையின் வரலாற்றை எழுதித் தரச்சொல்லி அவர் மனைவி ஜெகதீஸ்வரி அக்கா லவாலில் இருக்கும் என் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். அவரோடு ஒன்பது வருடம் ட்ரம்ஸ் அடித்தவன் நீதானே, வேறு யாரிடம் கேட்பது என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருந்தது?

முதல் இரண்டு பக்கமும் தண்ணீர்பட்ட பாடு. யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவர், இருபது வயதில் கொழும்பு ஹோட்டல் ஒன்றின் நடன இசைக்குழுவில் சேர்ந்தார். வெளிநாட்டுக்காரர் ஆடுவதற்கு ஸ்விங் என்ற ஜாஸ் இசை வாசித்து, பத்து வருடத்தில் அந்தக் குழுவுக்கே தலைவரானார். எண்பத்து மூன்று கலவரத்தோடு எல்லாம் போனது. மொன்றியலுக்கு வந்து கிழமை நாட்களில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டு கல்யாண வீடுகளில் வாசித்தார். தமிழ்ப் பாட்டையே ஸ்விங்கில் வாசிப்பார், தாளத்தைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் துள்ளவிட்டு. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் மண்டபங்களில் பட்டுச்சேலை மாமிமார் கதிரையை விட்டெழும்பி ஆடினார்கள், சத்தியமாகச் சொல்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது. தொண்ணூற்றெட்டில் ரொறன்ரோக் குழு ஒன்று என்னைக் கூப்பிட்டது. பெரிய மேடை, பெரிய பெயர். நான் தனியே போகவில்லை, மற்ற ஐந்து பேரையும் பேசிக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவும் ஒரு கல்யாண நாளன்று, அவருக்கு ஒரு சொல் சொல்லாமல். நானூறு பேருக்கு முன்னால் மனுசன் தனிய நின்று வாசித்தார். பாதியில் யாரோ இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்கா அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர். அதன் பிறகு அண்ணை வயலினைத் தொடவில்லை.

நான் எழுதினேன்: "உடல்நலக் குறைவால் இசைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கல்வெட்டுத்தானே, அக்காவும் கண்டும் காணாமல் விடுவார் என்று நம்பினேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். குசினி மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"அவருக்கு அப்ப என்ன வருத்தம், என்ன நோய், றெக்ஸ்?"

விரலை எடுக்காமல் அக்காவே தொடர்ந்தார்.

"ஒரு வருசம் சனிக்கிழமையில ஒரு வேலையும் எடுக்கேல்லை அவர். பெடியள் திரும்பி வந்தால் நான் நிக்கவேணும் எண்டு சொல்லுவார். பேந்துதான் ஜான்-டலோன் சந்தையில சனிக்கிழமை வேலைக்கு ஓம் எண்டவர். பதினாறு வருசம் தக்காளிப் பெட்டி தூக்கினவர்."

ரொறன்ரோவில் நான் நின்றது இரண்டே வருடம். திரும்பி வந்து இத்தனை காலமாக மெட்ரோவில் அரைமணித் தூரத்தில் இருந்திருக்கிறேன், அண்ணையின் கதவை ஒருநாளும் தட்டவில்லை. போய் ஒரு வார்த்தை கதைத்திருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? வெட்கம்கெட்டவன் நான்.

அங்கேயே இருந்து வேறு தாளில் எழுதினேன். யார் கூப்பிட்டது, யாரை நான் இழுத்துக்கொண்டு போனேன், அவர் எப்படித் தனிய நின்றார், எல்லாம். கண்ணீர் விழுந்து ஓரிடத்தில் மை கரைந்தது. அக்கா இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதை மடித்து அண்ணையின் படத்துக்குப் பின்னால் செருகினார். பழைய தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதையே அச்சுக்குக் குடு."

"அக்கா, அது பொய்."

"ஓம். அண்டைக்குச் சாப்பாட்டுக்கு உன்ர பிள்ளையளும் வருங்கள். அதுகள் மற்றதை வாசிக்கவேண்டாம்."

முப்பத்தோராம் நாள் முந்நூறு பேர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார்கள். நல்லாய் எழுதியிருக்கிறாய் என்று ஒருவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எதிர்ப் பந்தியில் என் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து, பாவம் உங்கட ஃபிரண்ட், அப்பா, அப்பவே வருத்தமாம் என்றாள். அக்கா வந்து என் இலையில் இன்னொரு அகப்பை சோறு போட்டார். நான் அதைப் பிசைந்துகொண்டே இருந்தேன், ஒரு வாய் வைக்க முடியவில்லை.