பார்த்தவர்: நான்

கொதிக்கிற டீயில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிய பிறகுதான் மூத்தவள் டப்பாவின் மேல் இருந்த சீட்டைக் கவனித்தாள். 'சர்க்கரை' என்று அப்பாவின் கையெழுத்து. அதன் கீழே வேறு மையில், 'என நினைக்கிறேன்'.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இருந்தும் சிரிப்பு வந்தது. காலையில் அவளேதான் இரண்டு பொட்டலங்களைப் பிரித்து டப்பாக்களை நிரப்பி வைத்திருந்தாள். இதில் நினைக்க என்ன இருக்கிறது?

அப்பா குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருடம் தண்ணீரைச் சோதித்தவர். அங்கே ஒவ்வொரு புட்டியிலும் சீட்டு ஒட்ட வேண்டும். உள்ளே என்ன, என்ன தேதி, பார்த்தவர் யார். அந்தப் பழக்கம் அவரோடு சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவோ கைக்குக் கிடைத்த டப்பாவில் கைக்குக் கிடைத்ததைக் கொட்டுகிற ஆள். ஒருநாள் அவள் உப்புப் போட்டுத் தந்த டீயை அப்பா முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, வாயே திறக்காமல் பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அம்மா போய் நாலு வருடமாகியும் சீட்டை அவர் மாற்றவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அவரிடம் இருந்தது ஒரே கேள்விதான். "தெரியுமா, நினைக்கிறியா?" மழை வரும் என்றாலும் கேட்பார். கடவுள் இருக்கிறார் என்றாலும் கேட்பார், இல்லை என்றாலும் விடமாட்டார். கல்யாணத்துக்கு முன்னால், "அவர் என்னை நல்லா வெச்சுக்குவார்ப்பா" என்று மூத்தவள் சொன்னபோதும் அதைத்தான் கேட்டார். அவள் ஆறு மாதம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. புருஷன் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது என்பதும் உண்மைதான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

"உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியுமாக்கும்!" என்று ஒருமுறை கத்தியிருக்கிறாள்.

"தெரியலைன்னு தைரியமாச் சொல்லத்தாம்மா இத்தனை வருஷம் படிச்சேன்" என்றார் அப்பா.

அப்படிப்பட்டவரிடம் போன செவ்வாய்க்கிழமை அவள் பொய் சொன்னாள்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, சில நாட்கள்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "அப்பாகிட்ட சொல்லாதக்கா. உடைஞ்சு போயிடுவார்" என்று தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவே கேட்டார்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வெறும் வீக்கம்தானாம்ப்பா. இந்த மாத்திரையிலேயே குணமாயிடும்."

"தெரியுமா, நினைக்கிறியா?"

"தெரியும்ப்பா."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார். வியாழக்கிழமை விடியும்போது போய்விட்டார். வாழ்நாள் முழுக்க உண்மையைத் தவிர வேறொன்றும் கேட்காத மனுஷனை ஏமாற்றி அனுப்பிவிட்டோமே என்பது அப்போதிருந்து அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

டீயைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். தம்பி, அப்பாவின் தங்கை, ஆய்வகத்தில் அப்பாவோடு வேலை பார்த்த நண்பர், மூன்று பேர்தான் மிச்சம்.

"சர்க்கரை போதுமா அத்தை?"

அத்தை ஒரு வாய் குடித்தாள். அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சரியா இருக்கும்மா."

மூத்தவள் தன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையைப் பிரிக்க உட்கார்ந்தாள். துண்டு, சீப்பு, மூக்குக் கண்ணாடி, பூதக்கண்ணாடி.

"ஆபீஸ்ல அவருக்கு நாங்க வெச்ச பேரே 'நினைக்கிறியா சார்'தான்" என்றார் நண்பர். "மேலதிகாரியையே கேட்டுட்டார் ஒருநாள். மனுஷன் அன்னைக்கு லீவு போட்டுட்டுப் போயிட்டான்."

எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அத்தை மெதுவாகக் கேட்டாள். "அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் விஷயம் தெரியாதில்ல?"

"தெரியாது அத்தை. நாங்க சொல்லவே இல்ல. நிம்மதியாப் போனார்" என்றான் தம்பி.

மூத்தவளின் கையில் மாத்திரைப் புட்டி வந்தது. அதன் மேல், பிளாஸ்திரித் துண்டில், நடுங்கிய கையெழுத்து.

'வலிக்கு மட்டும். நோய்க்கு அல்ல. பார்த்தவர்: நான்.'

கீழே தேதி. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சனிக்கிழமை. அவள் பொய் சொன்னதற்கு மூன்று நாள் முன்னால். மாத்திரையோடு வரும் பொடி எழுத்துத் தாளும் பையில் நாலாக மடித்துக் கிடந்தது. அதில், மாத்திரை எதற்கு என்று சொல்லும் வரிக்குக் கீழே பேனாக் கோடு.



"அப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா, நினைக்கிறியா?" என்றான் தம்பி.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூத்தவள் புட்டியை அவனிடம் நீட்டினாள். அவன் வெகுநேரம் படித்தான். மூன்று வரிதான், ஆனாலும் வெகுநேரம்.

"தெரிஞ்சுகிட்டே எதுக்குக்கா உன்கிட்ட கேட்டார்?"

"தெரியலடா" என்றாள். "ஆனா நான் சொன்னதும் சரிம்மான்னு சொன்னார்."

ஆறிப்போன தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

உப்பு.

சட்டென்று நிமிர்ந்தாள். நண்பரின் டம்ளர் காலியாக இருந்தது. தம்பியுடையதும் காலி. அத்தையின் டம்ளரில் அடியில் தங்கிய தூள்கூட இல்லை. அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.