துருவுக்குள் இருந்த வெற்றிடம்

கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் கரையில் கிடந்த கட்டியை மாமாதான் கண்டெடுத்தார். துருவும் மணலும் சிப்பியும் ஒட்டி இறுகி, ஒரு கைப்பை அளவுக்கு இருந்தது.

கரையொதுங்கும் பழம்பொருட்களை இன்னதென்று கண்டுசொல்வது அருங்காட்சியகத்தில் அக்காவின் வேலை. துளையுள்ள கல் ஒன்றைக் கொடுத்தால் விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "கயிறு தேய்ச்ச தடம் இருக்கு, வலைக்குக் கட்டின கல்லு" என்பாள். தங்கைக்காரி ஒவ்வொரு முறையும் வாயைப் பிளப்பாள். மாமாவுக்கோ, தானும் ஒருநாள் மனைவி மெச்சும்படி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டிவிட வேண்டும் என்று தீராத ஆசை. இதுவரை அவர் சுமந்து வந்ததெல்லாம் படகு இஞ்சினின் உதிரிகள்.

அந்த ஆசைதான் அவசரப்படுத்தியது. அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் உள்ளிருக்கும் இரும்பை எடுத்துவிடலாமென்று சுத்தியலால் ஒரே போடு. கட்டி இரண்டாகப் பிளந்தது. கறுப்புத் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. வேறொன்றும் இல்லை.

"மாமா, அக்கா வர்றதுக்குள்ள ஓடிப் போயிடுங்க," என்றாள் தங்கை.

அதற்குள் அக்கா ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா, வெறும் ஓடு," மாமாவின் குரல் உள்ளே போய்விட்டது. "தூக்கிப் போட்டுடறேன்."

"அதுல கை வச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு! இரும்பு எப்பவோ கரைஞ்சு போச்சுங்க. அது இருந்த இடம் அப்படியே இருக்கு, பாருங்க."

குழிவைக் கழுவினாள். இரண்டு பாதியையும் பொருத்தி, மாமாவின் பழைய பனியனைக் கிழித்து இறுகக் கட்டினாள். சின்ன ஓட்டை வழியாகக் கெட்டியாகும் பிசினைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

மறுநாள் சிற்றுளியால் துருவேறிய மேலோட்டைச் செதில் செதிலாகப் பெயர்த்தாள். தங்கைக்குக் கண் கொட்டவே மனம் வரவில்லை. மாமா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே உறைந்திருந்த பிசினில் முதலில் ஒரு விளிம்பு தெரிந்தது, பிறகு அகன்ற வெட்டுவாய், பிறகு பிடி செருகிய துளை. துளைக்குள் மரத்தின் ரேகைகூடப் பதிந்திருந்தது.

"வாய்ச்சி," என்றாள் அக்கா. "தச்சர்ங்க மரம் செதுக்கறது." வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஒரு மூலை மட்டும் தேஞ்சிருக்கு. இடது கைக்காரனா இருந்திருப்பான்."

முகம் தெரியாத ஒருவன் அறைக்குள் வந்து நின்றதுபோல் தங்கைக்குச் சிலிர்த்தது.

"ஏங்க, இங்க வாங்க. பெரிய பொருளாத்தான் கொண்டுவந்திருக்கீங்க!"

மாமா தயங்கித் தயங்கி வந்தார். வாங்கிப் பார்த்தார். அதை இடது கைக்கு மாற்றி, காற்றில் மெல்ல ஒருமுறை செதுக்கினார்.