கைக்குட்டை விழும் முன்

சிங்காரவேல் செத்துப்போன சேதி சாயங்காலமே இளம்பரிதியின் காதுக்கு வந்துவிட்டது. மந்தாரக்குப்பம் டீக்கடையில் அதுதான் பேச்சு. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் வீடு திரும்பிய மனுசனை ரேஸ் பைக் அடித்துப் போட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போய்விட்டார்.

"குவார்ட்டர்ஸ் பையன்தாங்க, விஜயராஜோ என்னமோ பேரு. கைக்குட்டை வுழறதுக்கு முன்னியே கெளம்பிட்டானாம்" என்று கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார் கடைக்காரர். "கூட நின்ன பையன் ஒழுங்கா கோட்டுலியே நின்னுகினு இருந்தானாம்."

அந்த ஒழுங்கான பையன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

ராத்திரி பத்து மணிக்கு அவன் விஜயராஜ் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றான். மறுநாள் காலையில் விஜயராஜை அவன் அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார். அவனுக்குப் பதினெட்டு முடிந்து இருபது நாள்தான். இளம்பரிதிக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கோட்டைத் தாண்டாதவன், வயசும் ஆகவில்லை என்று அவனை இரண்டு அதட்டல் போட்டு அனுப்பிவிட்டார்கள். சொல்வதானால் இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

ரேஸ் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான். டவுன்ஷிப் ஓரத்தில் மரங்களுக்கு நடுவே வளைவே இல்லாமல் ஓடும் ரோடு. குறுக்கே சுண்ணாம்பில் ஒரு கோடு. இரண்டு வண்டிகளின் முன்சக்கரமும் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். எதிரே கூட்டாளி அபி கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்பான். அது விழுந்தால் கிளம்பலாம். விழுவதற்கு முன் சக்கரம் கோட்டைத் தாண்டினால் தோல்வி.

அபிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஐம்பது அடி தள்ளி ஒரு கிளை ரோடு வந்து சேர்கிறது. அதில் யாராவது வந்தால் அவர்கள் கடந்து போகிறவரை கையை இறக்கமாட்டான். கை வெகுநேரம் நின்றால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். இது அங்கே வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

விஜயராஜ் இளம்பரிதியை நான்கு முறை ஜெயித்திருந்தான். வேகத்தில் அவனைப் பிடிக்க முடியாது, கோட்டில்தான் பிடிக்க வேண்டும் என்று இளம்பரிதி கணக்குப் போட்டான். விபத்து நடந்த அன்றைக்கு வேண்டுமென்றே தாமதமாகக் கோட்டுக்கு வந்தான். ஹெல்மெட் பட்டையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். விஜயராஜ் முதலிலேயே வந்து கிளட்சைப் பிடித்து, இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தான். கை வலிக்கட்டும், கிளட்ச் சூடாகட்டும்.

"இன்னாடா, கல்யாண மாப்ள மாதிரி வர்ற? பொண்ணு ஓடிடப் போவுது" என்று கத்தினான் விஜயராஜ்.

இளம்பரிதி முன்சக்கரத்தை அங்குலம் அங்குலமாக உருட்டி வந்து கோட்டில் வைத்தான். கிளட்ச் பிடிக்கத் தொடங்குகிற இடம்வரை விரலைத் தளர்த்தி நிறுத்தினான். அவன் பார்த்தது கைக்குட்டையை அல்ல, அபியின் முழங்கையை. துணி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் முழங்கை தளரும். விஜயராஜ் எதைப் பார்ப்பான் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் எதையும் பார்ப்பதில்லை. பக்கத்து வண்டியின் சத்தத்தைத்தான் கேட்பான்.

அபியின் முழங்கை தளரவில்லை. விறைத்தது.

இதுதான் நேரம் என்று இளம்பரிதிக்குத் தோன்றியது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை ஒரே முறுக்கு முறுக்கினான். வண்டி முன்னால் அமுங்கித் துள்ளியது. கோட்டைத் தாண்டவில்லை. பக்கத்தில் விஜயராஜ் வில்லிலிருந்து விட்டதுபோல் பாய்ந்துபோனான். கிளை ரோட்டிலிருந்து சைக்கிள் வெளியே வந்தது.

விஜயராஜ் வீட்டுப் பின்வாசல் கதவு திறந்தது. விஜயராஜ் கையில் கட்டோடு வந்து படியில் உட்கார்ந்தான்.

"வந்துட்டியா மச்சான். ஒருத்தனும் வரல டா. போன் கூட எடுக்க மாட்றானுங்க."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அவர் செத்துட்டாருடா." விஜயராஜின் குரல் உடைந்தது. "ரெண்டு பொண்ணுங்களாம்."

"டேய், கேளு. நீ ஒண்ணும் தானா கெளம்பல. நான்தான் கெளப்புனேன். பிரேக்க புடிச்சிகினு முறுக்குனேன். நீ சத்தத்த கேட்டு ஏமாந்து போவணும்னுதான் பண்ணேன்."

விஜயராஜ் அவனையே பார்த்தான்.

"அபி கைய எறக்காம நின்னான்ல? யாரோ வர்றாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான்டா பண்ணேன்."

சொல்லி முடித்ததும் விஜயராஜ் அடிப்பான் என்று இளம்பரிதி எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

விஜயராஜ் நல்ல கையை நீட்டி அவன் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டான். "லூசு. என்னத் தேத்தறதுக்கு இப்படி ஒரு கதையா? நீ போய் மாட்டிக்காத. முத நாள் நானும் கைக்குட்டை விழுந்துச்சுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். அபி இல்லன்னான். எல்லாரும் இல்லன்னாங்க. யோசிச்சுப் பாத்தேன். எனக்கு எப்பவும் அவசரம்டா. நான்தான்."

"சத்தியமா சொல்றேன் டா, நான்..."

"போதும் மச்சான். நீ வந்ததே போதும்."

உள்ளே இருந்து அவன் அப்பா சுப்பிரமணியன் வந்தார். மூன்று நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்றாரோ தெரியாது.

"கேட்டேன்பா" என்றார். "உனக்குப் பெரிய மனசு. ஆனா இந்த மாதிரி எங்கயும் பேசி வைக்காத. உங்கப்பா கான்ட்ராக்ட்ல இருக்காரு, அவருக்கும் பிரச்சனை ஆயிடும். எம்பையன் பண்ணத அவன் சொல்லட்டும்."

"அங்கிள், நெசமாவே நான்..."

"வூட்டுக்குப் போ தம்பி. மணியாச்சு."

இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அபியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம்; வண்டி துள்ளிய சத்தம் அவன் காதில் விழுந்திருக்கும். காலையில் ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

"சரிங்க அங்கிள்" என்றான்.

விஜயராஜ் கட்டுப்போட்ட கையைத் தூக்கி ஆட்டினான். இளம்பரிதி சைக்கிளை உருட்டிக்கொண்டு பிளாக் முனைவரை வந்தான். அங்கே வந்த பிறகுதான் தன் நெஞ்சு லேசாகியிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் சைக்கிளை விளக்குக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்தான்.