ஆறு தகரம், ஒரு பெட்டி ஆணி, வேற?

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதித்ததல்ல. வார இதழ் ஆசிரியர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னது.

"சித்திரைச் சிறப்பிதழுக்கு ஒரு கடற்கரைக் கதை வேணும். காத்து வேணும், ஆளுங்க நிம்மதியா இருக்கணும். போன தடவை மாதிரி தோட்டத்து லய வீடு, மழை, ரப்பர் பால்னு எழுதிராதீங்க."

நான் இருப்பது கரவனெல்லைக்கு மேலே, ரப்பர் மலையில். கடலை நான் பார்த்ததெல்லாம் பஸ் யன்னல் வழியாக. இருந்தாலும் தொடங்கினேன்:

நீல அலைகள் வெண்மணலை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில் அவள் தன் கூந்தலை—

[அவள் யாரென்று தெரியவில்லை. கூந்தலை என்ன செய்யப்போகிறாள் என்பதும் தெரியவில்லை. விட்டுவிடுவோம்.]

பேருவளைக் கடற்கரையில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஒரு துரை, அதாவது ரப்பர் தோட்டத்து மேலாளர்.

இது சரி. கடலைத் தெரியாவிட்டாலும் துரைமாரைத் தெரியும்.

2

ஆண்டு 2007 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் துரைக்கு முழங்கால் வலி. கடல் தண்ணீரில் காலையில் நின்றால் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கம்பனி லீவு கொடுக்காது. ஆகவே துரை ஒரு புதுமையைச் சொன்னார்: கைத்தொலைபேசி வந்துவிட்ட காலத்தில், தோட்டத்தை நடத்தத் தோட்டத்தில் இருக்க வேண்டுமா என்ன? தினமும் அவரே பேசி வேலை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கம்பனி சம்மதித்தது. துரை பேருவளையில் ஒரு சின்ன விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்.

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் உள்ள பாறையில். எனவே காலைப் பிரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டம், பாறைக்கு இடம் மாறியது. கணக்கப்பிள்ளை கிருஷ்ணராஜ் போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். ஆண்கள் பழக்கதோஷத்தில் போனுக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.*

* ஆசிரியர் இந்த வரியை வெட்டச் சொல்வார். வெட்டமாட்டேன்.

3

இப்போது யாருக்காவது ஏதாவது வேண்டும். இல்லையென்றால் கதை நகராது.

ரப்பர் பால்வெட்டும் லூர்தம்மாவுக்குக் கூரை வேண்டும். மகள் சர்மிளா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். லயத்து ஒற்றையறைக் காம்பராவில் கட்டில் போட ஒரே ஓர் இடந்தான் உண்டு. அதற்கு நேர் மேலேதான் தகரம் உக்கி ஓட்டையாகிக் கிடக்கிறது. பின்னேரமானால் மழை. நேரில் கேட்டபோதெல்லாம் துரை சொன்னது, "பாப்பம்."

போனிலும் கேட்டாள். அலை இரைச்சலோடு பதில் வந்தது. "பாப்பம்."

"நீங்க பாத்துகிட்டே இருங்க தொரை. புள்ள நனஞ்சுகிட்டே வளரட்டும்!"

கிருஷ்ணராஜ் பதறிப்போய்ப் போனைப் பொத்தினார். "வாய மூடு லூர்தம்மா, காசு குடுத்து வாங்குன சிக்னல்!"

4

கதை இங்கே நின்றுவிட்டது. ஒருநாள் முழுக்க நின்றது. பிறகுதான் விடுதியில் பரிமாறும் முஹ்ஸின் வந்தார்.

பிரட்டுப் போன் வருவது துரை தண்ணீரில் நிற்கும் நேரம். சில நாளிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. போனை முஹ்ஸின் கையில் கொடுத்து, "தோட்டத்திலிருந்து கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் 'ம்' சொல். என்னைக் கூப்பிடாதே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கடலில் இறங்கினார்.

[முஹ்ஸின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதைக்கு வசதியாக வந்துவிட்ட ஆள். ஆனால் 'ம்' மட்டும் சொல்லச் சொன்னால், மேசை மேசையாகப் பரிமாறிய மனிதரால் முடியுமா?]

"தொரை, நம்ம கூரைக்கி ஆறு தகரம் கேட்டிருந்தேங்க" என்றாள் லூர்தம்மா.

"ம்" என்றது போன். கொஞ்சம் பொறுத்து, "ஆணி?"

பாறையில் நின்றவர்கள் போனை நெருங்கி வந்தார்கள்.

"ஆ... ஆணியுந்தாங்க."

"ஆறு தகரம், ஒரு பெட்டி ஆணி. வேற?"

அந்தத் தோட்டம் உண்டான நாளிலிருந்து எந்தத் துரையும் 'வேற' என்று கேட்டதில்லை. கூட்டத்தில் நின்ற ஏழுமலை, கிருஷ்ணராஜின் காதைக் கடித்தார்.

"தொரைக்கி மேலுக்கு முடியலயா? தமிழெல்லாம் நல்லா வருதே!"

"கடக்காத்து பட்டிருக்குய்யா. சும்மா இரு."

"வேற ஒண்ணும் வேணாங்க" என்றாள் லூர்தம்மா.

"இப்பவே வேணுமா, பொறகா?"

"இப்பவேங்க! இப்பவே!"

"சரி, செல்லிட்டேன். நல்லபடியாப் போங்கொ."

மத்தியானத்துக்குள் ஸ்டோர் திறந்து, தகரம் அடித்து முடிந்துவிட்டது.

5

குரலைக் கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். எனக்கும் அதே கேள்விதான். எழுதுவதை நிறுத்திவிட்டு லூர்தம்மாவிடம் போனேன். "போன்ல பேசுனது துரை இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. "எழுதுறது நீங்க. ஒங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்புடிங்க தெரியும்?"

மழை வந்தது. தகரத்தில் தடதடவென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சர்மிளாவுக்குக் கரவனெல்லை ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தையை அந்தக் கட்டிலில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

6

துரை திரும்பி வந்தார். கூடவே கம்பனிப் பெரியவர் ஒருவர், போனில் தோட்டம் நடந்த அழகைப் பார்க்க. லயத்துக்கு வந்தால், கறுத்த கூரைகளுக்கு நடுவில் ஒரு கூரை மட்டும் பளபளக்கிறது.

"இது யாரு குடுத்தது?" என்றார் துரை.

"தொரைதாங்க. போன்ல" என்றார் கிருஷ்ணராஜ்.

"நானா?"

"ஆமாங்க. நாங்க மறந்த ஆணியக்கூட தொரைதான் கேட்டுக் குடுத்தீங்க."

கம்பனிப் பெரியவர் துரையின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

முடிவு அ: "நான் சொல்லவே இல்லை! கழற்று!" என்று துரை கத்துகிறார். எழுதிப் பார்த்தேன். 'அப்படியானால் தினமும் பேசியது யார்?' என்று பெரியவர் கேட்பார். அதற்கு மேல் துரையால் வாயைத் திறக்க—

முடிவு ஆ: குழந்தையைப் பார்த்ததும் துரையின் கண்கள் பனிக்கின்றன. ஆசிரியருக்கு இது பிடிக்கும். ஆனால் தகரத்தைப் பார்த்து அழுத துரையை நான் இதுவரை கண்டதில்லை.

முடிவு இ: "ஆமாம், நான்தான்." தகரம் நிற்கும், உத்தியோகமும் நிற்கும். ஆனால் நாளைப் பிரட்டில் லயம் முழுக்கக் கூரை கேட்டு வரிசையில் நிற்கும். அதை யோசித்துத்தான் அவருக்கு வியர்க்கிறது.

7

எனக்குக் கொடுத்த பக்கம் முடிந்துவிட்டது. லூர்தம்மா வாசற்படியில் குறுக்கே நிற்கிறாள். துரை வாயைத் திறந்துவிட்டார். அதில் ஒரு சொல்லை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

எதை வைத்தாலும் மெதுவாகச் சொல்ல வையுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கியது.